தெப்பத்தில் இருபது பேர், கேன்வாஸில் ஒரே சேறு

சென்ற மாதம் இந்தப் பகுதியில், ஆயில் பெயின்டிங் பழகுகிறவர்கள் துணிந்து ஒரு பெரிய சரித்திரக் காட்சியை எடுத்து நகலெடுத்துப் பாருங்கள், உதாரணத்துக்கு பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் 'மெடூசாவின் தெப்பம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தெப்பத்தைப் பற்றியே, அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை. வாட்டர்கலர்காரர்கள் மன்னிக்கவும்.

ஆறு மாதமாக வார இறுதி வகுப்புக்குப் போகிறேன். சார் இன்னமும் பித்தளைச் செம்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து வரையச் சொல்கிறார். நேரே தெப்பத்தில் இறங்கலாமா? அதற்கு முன்னால், அந்தப் படத்தில் என்னதான் நடக்கிறது?
(கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

செம்பை விட்டுவிடாதீர்கள். வளைந்த பரப்பில் ஒளி எங்கே உட்காருகிறது, எங்கே கரைகிறது என்பதைச் செம்பு மாதிரி வேறு எதுவும் சொல்லித்தராது, ஜெரிக்கோ வரைந்த முதுகும் தோளும்கூடக் கடைசியில் செம்புதான். ஆனால் ஒற்றைச் செம்பு சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. இருபது செம்பு ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும்போது எதற்கு ஒளி கொடுப்பது, எதைத் தயங்காமல் இருட்டில் தள்ளுவது? அதைக் கூட்டக் காட்சியில்தான் பழக முடியும். சனிக்கிழமை செம்பு, ஞாயிற்றுக்கிழமை தெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாரிடம் உடனே சொல்ல வேண்டியதில்லை.

கதை இதுதான். செனகலை ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளப் போன மெடூசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல், 1816 ஜூலை 2 அன்று, இன்றைய மொரித்தானியாவின் கரைக்கு அப்பால் மணல்திட்டில் ஏறி மாட்டிக்கொண்டது. (நெப்போலியன் கதை முடிந்த கையோடு நடந்த அதே கொடுக்கல் வாங்கலில்தான் நம் புதுச்சேரியும் அதே 1816-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தது.) கேப்டன் ஷோமரே இருபது ஆண்டுக்கு மேலாகக் கடலில் பொறுப்பு வகித்தவரே இல்லை, அரச விசுவாசத்துக்குக் கிடைத்த பதவி அது. படகுகள் போதவில்லை, அதனால் பாய்மரத் துண்டுகளையும் பலகைகளையும் கட்டி ஏறக்குறைய 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்தில் ஒரு தெப்பம் செய்து அதில் 147 பேரை ஏற்றினார்கள். படகுகள் இழுத்துக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு, கொஞ்ச தூரத்திலேயே கயிறு விடப்பட்டது. 13 நாள். தாகம், குடிபோதை, கலகம், கொலை, கடைசியில் மனித மாமிசம். ஆர்கஸ் என்ற கப்பல் கண்டெடுத்தபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர்.

ஜெரிக்கோ பெரிய கேன்வாஸில் கை வைத்தபோது அவருக்கு 27 வயது. தப்பி வந்த கொரெயார், சாவிஞி இருவரிடமும் பேசி, கப்பல் தச்சரையே பிடித்துத் தெப்பத்தின் சிறு மாதிரி ஒன்று செய்துவாங்கி, ஆஸ்பத்திரியிலிருந்து வெட்டுண்ட கை கால்களைக் கொண்டுவந்து வைத்து வரைந்து, வெளியே போகக் கூடாது என்று தலையை மொட்டையடித்துக்கொண்டு, சுமார் எட்டு மாதம் உழைத்து 1819-ல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொடுத்தார். கலகத்தையோ மனித மாமிசத்தையோ அவர் பெரிய படத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை, சிறு படங்களாக வரைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தொடுவானத்தில் ஒரு கப்பல் தெரிகிற அந்த ஒரு நொடியை எடுத்துக்கொண்டார். கீழே பிணங்கள், பக்கத்தில் செத்த இளைஞனை மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் கிழவர், அப்புறம் மெல்ல எழுகிறவர்கள், கை நீட்டுகிறவர்கள், மேலே பீப்பாய்மேல் ஏறித் துணியை வீசும் கறுப்பினத்தவர். சாவிலிருந்து நம்பிக்கை வரைக்கும் ஒரே ஏற்றம். நீங்கள் நகலெடுக்கப் போவது அந்த ஏற்றத்தைத்தான், கை விரல் கால் விரல் எல்லாம் அப்புறம்.

கடையில் 24-க்கு 36 அங்குல கேன்வாஸ் வாங்கினேன். கட்டம் போட்டு வரைந்தேன், ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் குண்டாக வருகிறார்கள். பட்டினி கிடந்தவர்கள் இப்படி இருக்கலாமா?
(திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி)

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மூலப் படம் 4.91 மீட்டர் உயரம், 7.16 மீட்டர் அகலம். அந்த விகிதப்படி 24 அங்குல உயரத்துக்கு 35 அங்குல அகலம்தான் வரும். நீங்கள் படத்தை 36-க்கு இழுத்துவிட்டீர்கள், அந்த ஒரு அங்குலத்தை இருபது பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வலப்பக்கம் ஒரு அங்குலம் கோடு போட்டு விட்டுவிடுங்கள், கலர் ஒத்திப் பார்க்கவாவது உதவும். ஒரு அங்குலத்தில் வருகிற வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்னமும் குண்டாகத் தெரிந்தால் குற்றம் கேன்வாஸ்மேல் இல்லை.

கட்டத்துக்குக் கணக்கே வேண்டாம். உயரத்தைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கினால் எட்டுப் பங்கு. அகலத்தையும் அப்படியே. பிரிண்டிலும் அதே எட்டுக்கு எட்டு. கட்டம் சதுரமாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும். நம்மூரில் சினிமா பேனர் வரைந்தவர்கள் உள்ளங்கை அளவு போட்டோவை வைத்துக்கொண்டு நாற்பதடி உயரத்துக்கு முகம் ஏற்றியது இந்தக் கட்டத்தை நம்பித்தான்.

ஆனால் கட்டத்துக்கு முன்னால், மூலைக்கு மூலை இரண்டு சாய்கோடு போடுங்கள். கீழ் இடது மூலையில் பிணங்களில் தொடங்குகிற கோடு துணி வீசுகிறவர் பக்கம் ஏறிப் போவது தெரியும். மற்றது வலது கீழிருந்து பாய்மரத்தை நோக்கிப் போகும். அந்தப் பாயைக் கவனியுங்கள், காற்று அதை இடப்பக்கமாக, எழுந்து வருகிற பெரிய அலையை நோக்கித் தள்ளுகிறது. ஆட்கள் வலப்பக்கம் ஏறுகிறார்கள், தெப்பம் இடப்பக்கம் போகிறது. முதல் தடவை இதைக் கவனித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கட்டம் கட்டமாக மட்டும் வரைந்துகொண்டு போனால் 64 கட்டமும் சரியாக இருக்கும், இந்த இழுபறி மட்டும் காணாமல் போயிருக்கும்.

உங்கள் நகல் மூலத்தில் எட்டில் ஒரு பங்கு. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிற உருவங்களின் தலை, உங்களிடம் ஒரு நாணயம் அளவுக்கு வரும். ஆர்கஸ் கப்பல் மூலத்திலேயே சின்னப் புள்ளி, உங்களிடம் கடுகில் பாதி. முகங்களில் கண்ணிமை தேடாதீர்கள்.

ஜெரிக்கோ எந்த வரிசையில் வரைந்தாரோ அதே வரிசையில் வரைந்தால்தானே உண்மையான பயிற்சி?
(சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

கேள்வி சரியானது, பதில்தான் உங்களுக்குப் பிடிக்காது. ஜெரிக்கோவைப் பார்த்து மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அவர் வேலை செய்ததைக் கூட இருந்து பார்த்த மாணவர் மோன்ஃபோர் சொல்லியிருப்பதன்படி, வெள்ளைக் கேன்வாஸில் வெறும் கோட்டுருவம் மட்டும் போட்டுக்கொண்டு, மாடலை நிறுத்தி, ஒவ்வொரு உடம்பாக எடுத்து முழுசாக முடித்துவிட்டு அடுத்த உடம்புக்குப் போயிருக்கிறார். இவ்வளவு பெரிய படத்துக்குச் சின்னச் சின்ன பிரஷ். சீக்கிரம் உலரும் எண்ணெய் என்பதால் அன்றன்றைக்குத் தொட்டதை அன்றே முடித்தாக வேண்டும். அவருக்கு அது கூடிவந்தது, ஏனென்றால் கேன்வாஸுக்கு முன்னால் எத்தனையோ பேப்பரில் மொத்தப் படத்தையும் வரைந்து வரைந்து தீர்த்திருந்தார், ஒளி எங்கே விழ வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருந்தது. கீழே முகம் குப்புறக் கை நீட்டிக் கிடக்கிற இளைஞனுக்கு மாடலாகப் படுத்தது யார் தெரியுமா? பின்னால் பெரிய ஓவியராகப் பெயரெடுத்த டெலக்ருவா. அப்போது அவருக்கு இருபது வயதுதான்.

நான் அந்த வரிசையைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் நகலில் உடம்பு உடம்பாகப் போனேன், வாரத்துக்கு ஒரு ஆள், ஒவ்வொரு ஆளும் அழகாக வந்தார். பன்னிரண்டாவது ஆள் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால், ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாமல் கோயம்பேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி டியூப்லைட். அந்தக் கேன்வாஸ் இன்னமும் பரண்மேல் இருக்கிறது.

அதனால் நீங்கள் தலைகீழாகப் போங்கள். வெள்ளைக் கேன்வாஸில் முதலில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள், டீ பட்ட வேட்டி நிறத்துக்கு வரும். காய்ந்ததும் அதே அம்பரால் இருட்டு மட்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் படம் மூன்றே துண்டாகத் தெரியும்: இருட்டு, நடுத்தரம், வெளிச்சம். அதில் இருபது ஆளையும் தேடாதீர்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே இருட்டுத் திட்டாகப் போயிருப்பார்கள், அவர்களைப் பிரிக்காதீர்கள். பிரிக்கச் சொல்லி மனசு அரிக்கும், அங்கே கை கட்டிக்கொண்டு உட்காருவதுதான் இந்தப் பயிற்சியில் பாதி. முழுக் கேன்வாஸும் ஒற்றை நிறத்தில் தள்ளி நின்று பார்த்தால் தெப்பமாகத் தெரிகிற வரைக்கும் வேறு டியூபைத் திறக்கக் கூடாது. கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், இடம் வலம் மாறினதும் தப்புகள் எல்லாம் எழுந்து வந்து நிற்கும்.

அது முடிந்து உடம்பு நிறத்துக்கு வந்தால் பேலட் மிகச் சின்னது. எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், ஒரு மண் சிவப்பு, வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் நீலம். ஜெரிக்கோவின் பேலட்டிலும் பெரும்பாலானவை மண் நிறங்கள்தான். பிணத்தின் பச்சைச் சாயலுக்குப் பச்சை டியூப் தேட வேண்டாம், ஐவரி பிளாக்கோடு ஓக்கரைக் கலந்தாலே அந்தச் சாயல் வந்துவிடும், சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் பச்சையாகத் தெரியும்.

இன்னொன்று. முழுப் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு துண்டை எடுத்து வரைந்து பாருங்கள், அந்தக் கிழவரும் இளைஞனும் போதும். அவர் வரைந்த வெட்டுண்ட கை கால் படம் ஒன்று மோன்பெல்லியே ஊரில் ஃபாப்ர் மியூசியத்தில் இருக்கிறது, வயிறு தாங்கினால் அதையும் வரையலாம், கனம் என்றால் என்ன என்று புரியும். ஜெரிக்கோவும் இந்த வழியில் வந்தவர்தான். பாரிஸில் லூவர் மியூசியத்தில் ரூபன்ஸையும் மற்றவர்களையும் நகலெடுத்துத்தான் கை பழகினார், கராவாஜியோவின் 'கல்லறையில் இடுதல்' படத்தையும் நகலெடுத்திருக்கிறார். தொங்குகிற பிணத்தின் பாரம் எப்படி இருக்கும் என்பதைத் தெப்பத்துக்கு முன்பே பார்த்து வைத்திருந்தவர்.

என் நகலில் நிழல் எல்லாம் ஒரே சேறு. கறுப்பு போட்டால் ஓட்டை மாதிரி இருக்கிறது, பிரவுன் போட்டால் சாக்கடை. ஒரு இடத்தில் சுருங்கிக்கூடப் போய்விட்டது. மூலத்தில் எப்படி அவ்வளவு ஆழம்?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

மூலத்தில் உள்ள ஆழத்தைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள், அதில் கொஞ்சம் நோய். ஜெரிக்கோ பயன்படுத்தியவற்றில் பிட்டுமனும் உண்டு, தார் குடும்பம். பூசின புதிதில் தேன் மாதிரி, வெல்லப்பாகு மாதிரி அப்படி ஒரு பளபளப்பான பழுப்பு. ஆனால் அது முழுசாக உலரவே உலராது. வருஷம் போகப் போக மேல்தோல் சுருங்கி, முதலைத் தோல் மாதிரி வெடித்து, கறுத்துவிடும். அந்தக் காலத்து ஐரோப்பியப் படங்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி. தெப்பத்தின் நிழல்களில் பல விவரம் அதனாலேயே மூழ்கிப்போயிற்று.

உங்கள் நிழலுக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் போதும். அம்பர் கூடினால் சூடான இருட்டு, நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, இரண்டுக்கும் நடுவில் கறுப்பைவிட உயிருள்ள ஒரு கறுப்பு வரும். அதில் வெள்ளை கலக்காதீர்கள். சேறு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த வெள்ளைதான், நிழலை 'கொஞ்சம் தெளிவாக்கலாம்' என்று ஒரு துளி வைப்பீர்கள், அது சுண்ணாம்புச் சேறாகிவிடும். நிழல் மெல்லிசாகவும் வெளிச்சம் தடிப்பாகவும் இருக்கட்டும்.

சுருங்கிப்போன இடத்துக்கு வேறு காரணம். ஆயில் கலர் தண்ணீர் வற்றுகிற மாதிரி உலர்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. எண்ணெய் அதிகம் விட்ட அடிப்பூச்சு மெதுவாக இறுகும், அதன்மேல் டர்பன்டைன் கலந்த மெல்லிசுப் பூச்சு போட்டால் மேலே முதலில் காய்ந்து அப்புறம் கீழே நகர்ந்து, வெடிக்கும் அல்லது சுருங்கும். அடியில் மெலிவு, மேலே கொழுப்பு, அதாவது எண்ணெய் குறைந்த பூச்சு அடியில், கூடின பூச்சு மேலே. தோசைக்கல்லுக்கு நேர்மாறு என்று என் மாணவி ஒருத்தி நினைவு வைத்துக்கொண்டாள். அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் ரொம்ப மெதுவாகக் காயும், அதனால் அடிப்பூச்சுக்கு எப்போதும் அம்பர்.

நெட்டில் இந்தப் படம் பத்து விதமாக இருக்கிறது. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று ஏறக்குறைய கறுப்பு. எதைப் பார்த்து வரைவது?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

மியூசியமே வெளியிட்டிருக்கிற போட்டோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். போன் வெளிச்சத்தை ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி வைக்காதீர்கள். முடிந்தால் நல்ல பிரிண்ட் ஒன்று, கேன்வாஸ் மேல் விழுகிற அதே ஜன்னல் வெளிச்சம் அதன்மேலும் விழுகிற மாதிரி பக்கத்தில்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது: இன்றைக்குக் கறுத்துப்போய் இருக்கிற மாதிரி வரைவதா, 1819-ல் இருந்திருக்கக்கூடிய மாதிரி வரைவதா? மூலம் கெட்டுக்கொண்டே போகிறது என்பது நாற்பதே வருஷத்தில் தெரிந்துவிட்டது. அதனால் 1859, 60 வாக்கில் கியுமே, ரோன்ஷா என்ற இரண்டு ஓவியர்களைக்கொண்டு கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு நகல் எடுக்கவைத்தார்கள். அது இன்றைக்கு ஆமியேன் நகரத்தில் பிகார்தி மியூசியத்தில் இருக்கிறது. மூலத்தில் மூழ்கிப்போனது என்ன என்று பார்க்க அந்த நகல் உதவுகிறது. நகல் என்றால் இரண்டாந்தரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் வைத்து, நிறத்துக்கு மூலம், இருட்டுக்குள் இருக்கிற உருவத்துக்கு ஆமியேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நகலை விற்கலாமா? கையெழுத்து யாருடையது?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

ஜெரிக்கோ இறந்தது 1824-ல், 32 வயதில். உரிமைத் தொல்லை ஏதும் இல்லை. லூவரில் 1793-ல் திறந்த காலத்திலிருந்தே நகலெடுக்க விடுகிறார்கள், ஆனால் நகல் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியர் கையெழுத்தைப் போடக் கூடாது. நீங்களும் பின்பக்கம் 'ஜெரிக்கோவைப் பார்த்து' என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். வாங்க ஆள் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

சின்ன ஃபிளாட். டர்பன்டைன் வாடைக்கு வீட்டில் சண்டை. வழி?
(தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

சண்டை போடுகிறவர்கள் பக்கம்தான் நியாயம். அடிப்பூச்சு நாளில் மட்டும் ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து டர்பன்டைன், மற்ற நாளில் வெறும் லின்சீட் ஆயில், பிரஷ்ஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு எண்ணெயில் அலசி, கடைசியில் சோப்பு. ஆனால் அந்தத் துணியில் கவனம். லின்சீட் ஆயில் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும், மேலே சொன்ன அதே ஆக்ஸிஜன் சமாசாரம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முடித்துவிட்டேன்! ஏழு மாதம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, இத்தனை பிணம் உள்ள படத்தை ஹாலில் மாட்டக் கூடாது என்கிறார். என்ன செய்ய?
(சேலத்திலிருந்து ஒரு வாசகி. இவர் சென்ற மாதத்துக்கு முன்பே தொடங்கியவர்.)

ஏழு மாதமா! ஜெரிக்கோவைவிட ஒரு மாதம் வேகம்.

அவருக்கும் இதே கதைதான். கண்காட்சியில் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள், படத்தை வாங்க மட்டும் ஆள் இல்லை. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 1820-ல் லண்டனுக்குக் கொண்டுபோய் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள், சுமார் 40,000 பேர் வந்து பார்த்தார்கள். லூவர் வாங்கியது அவர் இறந்த பிறகு. அதனால் உங்கள் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், பிரான்ஸ் அரசாங்கத்துக்கே ஐந்து வருஷம் ஆனது.

இப்போதைக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம், ஆறு மாதமாவது உலரட்டும், உலர்வதற்கு ஹால்தான் நல்ல காற்றோட்டமான இடம் என்று சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மட்டும் மாட்டாதீர்கள்.